வெளிநாடு போகும்போது, சொந்தமாகத் தைத்து விற்கிற சின்னத் துணிக்கடைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறை தையல்காரி | ஞாயிறு, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறையில் 16 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மெஷின், துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்று, ஒரு கட்டிங் மேசை, உதவிக்கு இரண்டு பெண்கள். பிளவுஸ், சுடிதார், ஓணம் நெருங்கினால் குத்தாம்புள்ளி செட்டு முண்டுக்குப் பொருத்தமாகப் பிளவுஸ், இதுதான் என் வேலை.

போன வருடம் தங்கை பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போய் நான்கு வாரம் இருந்தேன். நேரம் கிடைத்தபோதெல்லாம் மச்சான் என்னைப் பெரிய மால்களுக்குக் கூட்டிப்போனார். நல்ல மனசோடுதான் கூட்டிப்போனார். ஆனால் எந்த மாலுக்குப் போனாலும் கோயம்புத்தூரில் பார்த்த அதே பெயர்ப் பலகைகள், அதே சட்டைகள். ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, சுல்தான் பள்ளிவாசல் பக்கம் சாப்பாடு வாங்கப் போன இடத்தில் ஒரு குறுகலான சந்துக்குள் நுழைந்துவிட்டேன். பத்தடி அகலத்தில் ஒரு கடை. பின்பக்கத் திரை விலகியிருந்தது. உள்ளே கட்டிங் மேசை, அதன்மேல் பாதி வெட்டிய துணி, கழுத்தில் இஞ்ச் டேப்போடு ஒரு அம்மா. என் கடையைப் பார்த்த மாதிரியே இருந்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

வருகிற மாதம் மறுபடி போகிறேன், கோயம்புத்தூரிலிருந்துதான் விமானம். இந்தத் தடவை தங்கையும் நானும் மூன்று நாள் பாங்காக் போகவும் எண்ணம். இப்படி, தானே வடிவமைத்து, தானே தைத்தோ தைக்கவைத்தோ விற்கிற கடைகளைத் தேடிப் போக வேண்டும் என்று ஆசை. பெரிய பிராண்டு வேண்டாம். தேடும்போது எங்கே போவீர்கள், உள்ளே நுழைந்ததும் எதைப் பார்ப்பீர்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

செங்கோட்டைக்காரன் | ஞாயிறு, இரவு 10:25

அக்கா, நீங்கள் நுழைந்தது ஹாஜி லேன். நான் சிங்கப்பூரில் ஒன்பது வருடமாக இருக்கிறேன், புகிஸ் ரயில் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். முந்திய காலத்தில் மக்காவுக்குக் கப்பலேறப் போகிறவர்கள் வந்து தங்கிய பகுதி, அதனால்தான் அந்தப் பெயர். பக்கத்திலேயே அரபுத் தெரு. அங்கே துணிக்கடைகள் வரிசையாக இருக்கும், பட்டும், மெழுகு வைத்துச் சாயமிடுகிற பாத்திக் துணியும் மீட்டர் கணக்கில் வாங்கலாம். உங்களுக்கு அங்கேயே ஒரு நாள் போய்விடும்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஹாஜி லேனில் வாடகை ஏறிவிட்டது, கடைகள் அடிக்கடி மாறுகின்றன. தரைத்தளத்தில் இன்றைக்குப் பாதிக்கு மேல் காபிக் கடையும் நினைவுப்பொருள் கடையும்தான். தைக்கிறவர்கள் மாடிக்குப் போய்விட்டார்கள். ஒடுக்கமான மரப்படி, பக்கத்தில் கையகலப் பலகை, அவ்வளவுதான் அடையாளம். தலையை நிமிர்த்தி நடக்க வேண்டும். காலையில் போகாதீர்கள், பல கடைகள் மதியத்துக்கு மேல்தான் திறக்கும்.

ஒரே இடத்தில் பலருடைய வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் ஆர்ச்சர்ட் ரோட்டில் டிசைன் ஆர்ச்சர்ட் என்று ஒரு கட்டடம், 2019 ஜனவரியில் திறந்தது. உள்ளூர் வடிவமைப்பாளர்களின் பொருளை மட்டும் வைத்திருக்கிறார்கள். அங்கே பிடித்த லேபிளைக் குறித்துக்கொண்டு, அவர்களுடைய சொந்தக் கடை எங்கே என்று தேடிப் போங்கள். நான் அப்படித்தான் என் மனைவிக்கு இரண்டு நல்ல இடம் கண்டுபிடித்தேன்.

அப்புறம் வரி. ஜிஎஸ்டி 9 சதவீதம், ஒரு கடையில் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வாங்கினால் விமான நிலையத்தில் திரும்ப வாங்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். சின்னக் கடையில் அதை எதிர்பார்க்காதீர்கள். வருடத்துக்குப் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் இருந்தால்தான் அங்கே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதியாத கடை உங்களிடம் வரியே வாங்காது, திருப்பித் தரவும் ஒன்றுமில்லை.

வேலந்தாவளம்–துபாய் | திங்கள், காலை 6:15

பக்கத்து ஊர்க்காரங்க என்றதும் சந்தோஷம். நான் 11 வருடமாகத் துபாயில். இங்கே மால்தான் ஊரே என்று நினைப்பார்கள், அது சரியில்லை. அல் கூஸ் பகுதியில் அல்செர்க்கால் அவென்யூ என்று ஓர் இடம், பழைய கிடங்குகளைக் கலைக்கூடங்களாக மாற்றியிருக்கிறார்கள். தனியாகத் தொழில் செய்கிறவர்களின் உடையும் நகையும் அங்கே பார்க்கலாம். ஆனால் அக்காவுக்கு நான் சொல்வது சத்வா. துணிக்கடைக்கு எதிரே தையல் கடை, அதற்கு அடுத்து லேஸ் கடை. பாலக்காட்டுக்காரர், பெஷாவர்க்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் பக்கம் பக்கமாக உட்கார்ந்து தைக்கிறார்கள்.

நான் கடை தேடுகிற வழி ரொம்ப எளிது. எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பட்டன், ஜிப், நூல் விற்கிற கடை எங்கே என்று கேட்பேன். அங்கே நின்றால் போதும், உண்மையில் தைக்கிறவர்கள் எல்லோரும் அங்கே வந்துதான் ஆக வேண்டும். கடைக்காரரிடம், உங்களிடம் நூல் வாங்குகிறவர்களில் நல்ல வேலைக்காரர் யார் என்று கேளுங்கள். இஸ்தான்புல்லில் எனக்கு அப்படித்தான் ஒரு தோல் ஜாக்கெட் கடை கிடைத்தது.

நகரித் தறி | திங்கள், காலை 7:50

எல்லோரும் கடை எங்கே என்று சொல்கிறீர்கள். நான் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

எங்கள் வீடு நகரியில். அப்பா காலத்தில் கைத்தறி, இப்போது நான்கு விசைத்தறி. வேட்டி, துண்டு, சேலை ஓட்டுகிறோம். போன வருடம் ஒரு வாரம் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் போய்வந்தேன். சின்னக் கடை, சொந்த வடிவமைப்பு என்று பலகை போட்ட மூன்று கடைகளில் ஒரே கவுனைப் பார்த்தேன். அதே பூ, அதே பொத்தான், லேபிள் மட்டும் வேறு. பாங்காக்கில் பிரதுநாம் மொத்தச் சந்தையில் டஜன் கணக்கில் எடுத்து, லேபிளைப் பிரித்து, தங்கள் லேபிளைத் தைக்கிறவர்கள் நிறையப் பேர். கடை சின்னதாக இருக்கிறது என்பதற்காக வேலை சொந்தம் என்று நம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று. ஒரு கடையில் கையில் எடுத்த சட்டை நிச்சயமாக நம் பக்கத்து நெசவு. கைக்குத் தெரியும். யார் தைத்தது என்று கேட்டேன், அழகாகச் சொன்னார்கள். யார் நெய்தது என்று கேட்டேன், இந்தியா என்றார்கள். இந்தியா எவ்வளவு பெரிய நாடு! தைத்தவருக்குப் பெயர் இருக்கிறது, நெய்தவருக்கு ஊர்கூட இல்லை. எனக்கு அது இன்னும் மனசில் உறுத்துகிறது.

இத்தனைக்கும் அரபுத் தெருவில் இன்றைக்கும் கைலிக்கு மலாய்க்காரர்கள் சொல்லும் பெயர் காயின் பெலெக்காட். அது பழவேற்காடு. எங்களுக்குக் கிழக்கே, ஆந்திரா தமிழ்நாடு எல்லையில் இருக்கிற அதே பழவேற்காடு. அந்தத் துறையிலிருந்து கப்பலேறிய துணிக்கு அந்த ஊரின் பெயரே நின்றுவிட்டது. முந்திய காலத்தில் துணி தன் ஊரைச் சொல்லிக்கொண்டுதான் போயிருக்கிறது.

களியக்காவிளை நர்ஸ் | திங்கள், மதியம் 1:05

நகரி அண்ணன் சொல்வது நியாயம். இருந்தாலும் அக்காவின் ஆசையை நாம் அணைத்துவிடக் கூடாது.

நான் லண்டனில் ஆறு வருடமாக நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை டூட்டி இல்லையென்றால் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் போவேன். கூரை போட்ட பழைய சந்தை, செய்கிறவர்களே மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்துத் தெருக்களில் பழைய நெசவாளர் வீடுகள் இன்னும் நிற்கின்றன. மேல்மாடியில் அகலமான ஜன்னல்கள், தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்று வைத்தவை. பிரான்ஸிலிருந்து மதக் காரணத்துக்காகத் தப்பி வந்த பட்டு நெசவாளர்கள் இருந்த இடம்.

அண்ணன் பழவேற்காடு சொன்னதால் இதையும் சொல்கிறேன். 1719இல் அதே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, நம் நாட்டு அச்சுத்துணி உடுத்திய பெண்களின் கவுனைக் கிழித்து மை ஊற்றியிருக்கிறார்கள். நம் துணியால் அவர்கள் பிழைப்பு போயிற்று என்ற கோபம். 1721இல் அந்தத் துணியை உடுத்தவே கூடாது என்று சட்டமும் வந்தது. சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணிக்கு அங்கே அவ்வளவு பயம். அந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

கடை கண்டுபிடிப்பது பற்றி: ஒரு கடையில் வேலை நன்றாக இருந்தால், நீங்கள் உங்களுக்கு உடை எங்கே வாங்குவீர்கள் என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மற்றவர் யாரென்று தெரியும். அப்படி ஒரு கடை அடுத்த கடைக்கு அனுப்பி, ஒரே மாலையில் ஐந்து இடம் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பயணிகள் வரியைத் திரும்ப வாங்குவது பற்றி யாராவது கேட்டால், லண்டனில் 2021 ஜனவரியோடு அது நின்றுபோயிற்று.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி | திங்கள், இரவு 10:10

எவ்வளவு விவரம்! ஒவ்வொருவருக்கும் நன்றிங்க.

நகரி அண்ணா கேட்டதற்கு என்னால் முழுப் பதில் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கடையில் நான் ஏன் நின்றேன் என்று சொல்கிறேன். ஒரு நீளச் சட்டை, முழங்காலுக்குக் கீழே வரும், மங்கின நீலம், அதில் மெல்லிய வெள்ளைக் கோடு. எந்த உடையை எடுத்தாலும் முதலில் உள்பக்கம் திருப்புவது என் பழக்கம். பக்கத் தையலில் ஓவர்லாக் இல்லை. துணி ஓரத்தை உள்ளே மடித்து, அதன்மேல் மறுபடி ஒரு தையல், பிசிறு ஒன்றுகூட வெளியே இல்லை. உள்ளே முக்கால் அங்குலம் துணி விட்டிருந்தது, நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். அக்குளில் ஒரு சின்னச் சதுரத் துணி, நம் ஊர்ப் பழைய ஜிப்பாவில் வைப்பது போல. கை தூக்கினால் இடுப்பில் இழுக்காது. பாக்கெட்டின் கோடு உடம்புக் கோட்டோடு ஒரு நூல் பிசகாமல் சேர்ந்திருந்தது. காஜா, அதாவது பட்டன் ஓட்டையைச் சுற்றிப் போடுகிற தையல், கையால் போட்டது. ஒரு காஜாவுக்கு எனக்கு எட்டு நிமிடம் ஆகும், அதில் ஒன்பது இருந்தன.

விலை 190 வெள்ளி. வாங்கவில்லை. தங்கையிடம் கேட்டிருந்தால் வாங்கித் தந்திருப்பாள், கேட்க வாய் வரவில்லை. ஆனால் அந்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வேலைக்கு நான் கொழிஞ்சாம்பாறையில் என்ன கூலி கேட்பேன் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கேட்கவே மாட்டேன், கேட்டால் கொடுக்க யாரும் இல்லை. அதனால் அந்த வேலையை நான் செய்வதையே விட்டுவிட்டேன். அதுதான் என்னை நிறுத்தி வைத்தது.

லேபிள் மாற்றுகிற கடையைக் கண்டுபிடிக்க ஒரு வழி எனக்குத் தெரியும். கழுத்து லேபிளைச் சுற்றிப் பழைய ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வேறு லேபிள் பிரித்த இடம் அப்படியே காட்டிக்கொடுக்கும்.

மறையூர் மழை | செவ்வாய், காலை 11:30

பாங்காக்குக்கு நான் சொல்கிறேன், மூன்று தடவை போயிருக்கிறேன். சத்துசாக் சந்தை சனி, ஞாயிறு மட்டும் முழுதாக நடக்கும், அந்தக் கணக்கில் டிக்கெட் போடுங்கள். 15,000க்கு மேல் கடைகள், 27 பகுதிகள். சும்மா நுழைந்தால் கால்தான் வலிக்கும். இளம் தாய்லாந்து வடிவமைப்பாளர்கள் 2, 3, 4ஆம் பகுதிகளில் இருக்கிறார்கள், நேராக அங்கே போங்கள். மோ சிட் ரயில் நிலையத்திலிருந்து நடக்கலாம். சயாம் சதுக்கத்தின் உள் தெருக்களிலும் மாணவர்களாக இருந்து தொழில் தொடங்கியவர்களின் கடைகள் உண்டு.

மொத்தக் கடையில் பேரம் பேசுங்கள். தைத்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தால் பேசாதீர்கள். இன்னொன்று, பிடித்த டிசைனைப் போனில் படம் எடுத்துவந்தால் ஊரில் கால் விலைக்குத் தைத்துக்கொள்ளலாம். என் அண்ணி அப்படித்தான் செய்கிறார்.

நகரித் தறி | செவ்வாய், மதியம் 12:02

அந்தக் கடைசி விஷயம் வேண்டாம் தம்பி. எங்களுக்கு வடக்கே காளஹஸ்தி. கடுக்காயிலும் எருமைப்பாலிலும் துணியை ஊறவைத்து, மூங்கில் குச்சி முனையில் துணி சுற்றி, சாயத்தைத் தொட்டுத் தொட்டுக் கையால் கலம்காரி வரைகிறார்கள். ஒரு சேலைக்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அதைப் படம் எடுத்து இயந்திரத்தில் அச்சடித்து, அதே பெயரில் சில நூறு ரூபாய்க்கு எல்லா ஊரிலும் விற்கிறார்கள். படம் எடுத்தவர் யாரும் தன்னைத் திருடன் என்று நினைத்திருக்க மாட்டார். எனக்குத் தெரிந்த இரண்டு வீட்டில் வரைவதை விட்டுவிட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி | செவ்வாய், இரவு 9:15

இதில் நான் ஒன்றும் சுத்தமானவள் இல்லைங்க. வாரத்துக்கு நான்கு பேர் போனில் படம் காட்டி, இதே மாதிரி வேண்டும் அக்கா என்கிறார்கள். தைத்துக் கொடுக்கிறேன், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவார்கள். ஆனால் நாலு வருடம் முன்னால், செட்டு முண்டின் கசவுக் (ஜரிகை) கரையிலேயே மிச்சம் பிடித்து ஒரு கழுத்து வைத்துத் தைத்தேன். நானே யோசித்தது. ஓணத்துக்கு முப்பது பிளவுஸ் போயிற்று. அடுத்த ஓணத்துக்கு ஒரு பெரிய கடையின் ஜன்னல் பொம்மை அதே கழுத்தைப் போட்டு நின்றது. ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்கப்புறம் படம் காட்டுகிறவர்களிடம், இதில் உங்களுக்குப் பிடித்தது கையா, கழுத்தா, துணியா என்று கேட்டு, அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மாற்றித் தைக்கிறேன். பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள்.

அதனால் கடைக்குள் போன் எடுக்க மாட்டேன். கையால் தொட்டுப் பார்க்கக் கேட்டுக்கொண்டு, பார்ப்பேன்.

மறையூர் மழை | செவ்வாய், இரவு 9:50

சரிங்க அக்கா, அண்ணா. நான் அதை யோசித்ததே இல்லை. அண்ணியிடமும் சொல்கிறேன்.

செங்கோட்டைக்காரன் | புதன், காலை 8:00

இங்கிருந்து இன்னொரு இடம். திருவனந்தபுரம் வழியாகக் கொழும்பு போகிறவர்கள் அங்கே காலி வீதியில் (Galle Road) பேர்ஃபுட் கடையைப் பாருங்கள். பார்பரா சன்சோனி என்ற ஓவியர் 1960களில் தொடங்கியது. கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்கிறார்கள், அந்த நிறங்களை அவர்தான் சேர்த்தார். 2022இல் காலமானார். எலுமிச்சை மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதாவை வைக்கிற தைரியம் அங்கேதான் பார்த்தேன். நகரி அண்ணனுக்குப் பிடிக்கும்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி | ஐந்து வாரம் கழித்து, சனி இரவு 8:30

வந்துவிட்டேங்க. பாங்காக் பற்றித் தனியாக எழுதுகிறேன், அங்கே பார்த்தது நிறைய. முதலில் சிங்கப்பூர்.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது ஐஸ்கிரீம் விற்கிறார்கள். மனசு விட்டுப்போயிற்று. அப்புறம் வேலந்தாவளம் தம்பி சொன்னது ஞாபகம் வந்து, அரபுத் தெருவில் லேஸ், பட்டன் விற்கிற கடையில் விசாரித்தேன். அந்தப் பெரியவர் தமிழ்தான் பேசினார். நீல நூல் நிறைய வாங்குவார்களே, அந்த அம்மாவா என்று கேட்டு, இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியைக் காட்டினார்.

மரப்படி ஏறினால் அதே கட்டிங் மேசை, அதே அம்மா, சீனப் பெண், ஐம்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான், தங்கை கூட இருந்தாள். நான் ஒரு சட்டையை உள்பக்கம் திருப்பியதும் அவர் என்னையே பார்த்தார். தையல்காரரா என்று கேட்டார். தலையாட்டினேன். உடனே எழுந்து வந்து, கேட்டுக்கொண்டு, என் பிளவுஸின் கழுத்து ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். கசவுக் கரையைக் குறுக்கில் மடித்து நான் வைக்கிற கைத்தையல். விரலால் தடவிக்கொண்டே இருந்தார். மேசைக்குக் கூப்பிட்டு ஊசி கொடுத்தார். நான் அதைப் போட்டுக் காட்டினேன், அவர் தன் காஜாவைப் போட்டுக் காட்டினார். நூலில் மெழுகு தடவி இழுக்கிறார், அதனால்தான் முடிச்சு அப்படி உட்காருகிறது. எனக்கு இப்போது ஒன்பது நிமிடம் ஆகிறது, ஆனால் அவர் காஜா மாதிரி வருகிறது.

சட்டை வாங்கிவிட்டேன், என் காசில். யார் நெய்தது என்று கேட்டேன் நகரி அண்ணா. இந்தியாவிலிருந்து ஒரு மொத்த வியாபாரி தருகிறார், ஊர் தெரியாது என்றார். சொல்லிவிட்டு வெட்கப்பட்ட மாதிரி இருந்தது. அந்த வியாபாரியிடம் கேட்டுச் சொல்வதாக என் நம்பரை வாங்கிக்கொண்டார். மிச்சத் துணி ஒரு முழம் கொடுத்தார், கரை ஓரத்தோடு. படம் போட்டிருக்கிறேன், அவரிடம் கேட்டுத்தான் எடுத்தேன்.

நகரித் தறி | சனி, இரவு 9:05

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. கரை ஓரத்தில் இரண்டு இரண்டாகத் துளை, கொஞ்ச இடைவெளி விட்டு மறுபடி இரண்டு. நெய்யும்போது துணி குறுகாமல் குறுக்கே இழுத்துப் பிடிக்கிற கம்பின் முள் குத்திய இடம், நெய்து நகர நகரக் கையால் மாற்றி வைத்திருக்கிறார்கள். விசைத்தறியில் அது உருளை, துளை பொடியாக விடாமல் வரிசையாக வரும். இது கைத்தறிதான். எங்கள் ஊர் இல்லை.

வெள்ளைத் துணியை ஈரமாக்கி அந்த நீலத்தை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். அப்புறம் ஓர் ஓரத்தை வெட்டி ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். நீலம் எவ்வளவு விடுகிறது, என்ன வாசம் அடிக்கிறது என்று சொல்லுங்கள். சாயம் என்ன என்று தெரிந்தால் ஊரைத் தேட உதவும்.

கொழிஞ்சாம்பாறை தையல்காரி | சனி, இரவு 9:20

தேய்த்ததில் வெள்ளைத் துணியில் லேசாக நீலம் ஒட்டியது. ஓர் ஓரம் வெட்டிக் கிண்ணத்தில் போட்டுவிட்டேன். காலையில் பார்த்துச் சொல்கிறேங்க.